முறைத் தண்ணீர்

எங்கள் வீட்டுத் தெற்குச் சாளரத்தில் இப்போது ஒரு செடி இலையொன்றும் இல்லாமல் நிற்கிறது. அகன்ற மண்தொட்டி, அதில் பாதி வெளியே தெரியும்படி அமர்ந்திருக்கும், கவிழ்த்த செம்பு போன்ற பருத்த அடி, அதன்மேல் விரற்பருமனில் நான்கு மொட்டைக் கிளைகள். குளிர்காலத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் மேலங்கியைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்து இரங்குவார்கள். "பட்டுப்போச்சா?" என்பார்கள். சிலர் அக்கறை மிகுந்து, கையிலிருக்கும் தம்ளரின் மிச்சத் தண்ணீரை அதில் ஊற்றப் போவார்கள். நான் பாய்ந்து தடுப்பேன். விருந்தோம்பும் முறை இதுவல்ல என்று மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அடினியம் என்பது அதன் பெயர். நம் ஊர் நர்சரிகளில் பாலைவன ரோஜா என்று சொல்லி விற்கிறார்கள். ரோஜாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது அரளியின் குடும்பம். நித்தியகல்யாணியும் அந்தக் குடும்பந்தான். ஐந்து இதழ்களும் வெளிறிய தொண்டையுமாக விரியும் பூவை ஒருமுறை பார்த்தால், கிராமத்தில் வளர்ந்த எவரும் அதை அரளிக்குப் பங்காளி என்று கண்டுகொள்வார்கள். ஐரோப்பியர் அதற்கு முதலில் வைத்த பெயரும் அதுவே. டென்மார்க் அரசர் அரபு நாட்டை ஆராய்ந்து வரும்படி 1761-இல் ஒரு குழுவை அனுப்பினார். அதில் தாவரவியலாளராகச் சென்றவர் பெர் ஃபோர்ஸ்கால் என்ற இளைஞர், லின்னேயஸின் மாணவர். 1763-இல் யேமன் மலைப்பகுதியில் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 31. புறப்பட்ட ஆறு பேரில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. அவர் நண்பரின் குறிப்புகளைச் சேர்த்து 1775-இல் நூலாக வெளியிட்டார். நீரியம் ஒபேசம் என்று அந்நூலில் இருக்கும் செடிதான் இது. தமிழில் சொன்னால் பருத்த அரளி. பின்னர் 1819-இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து அடினியம் என்றார்கள். இறந்தவர் இட்ட பெயரில் பருமன் மட்டும் எஞ்சியது.

அந்தப் பருமனைத் தாவரவியலார் காடெக்ஸ் என்பர். கிழங்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் கிழங்கு அன்று. தண்டின் அடியும் வேரின் தலையும் சேர்ந்து ஊதிப் பெருத்து நிற்பது. ஆப்பிரிக்காவின் செனகல் தொடங்கிக் கிழக்குக் கரைவரையும், கடலுக்கு அப்பால் அரேபியாவின் தென்பகுதியிலும் இது காடாக வளர்கிறது. சில மாதம் மழை, பல மாதம் வறட்சி என்பதே அந்நிலங்களின் கணக்கு. மழைக்காலத்தில் வாங்கிய நீரை அடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, வறட்சி வந்ததும் இலைகளை உதிர்த்துவிட்டுச் செடி சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் செடிக்கு நீர் வேண்டாம். கொடுத்தால் வாங்கிக்கொள்ள அதன் வேருக்குத் தெரியாது. ஈரம் மண்ணிலேயே தங்கும், பூஞ்சை வரும், வேர் அழுகும், அங்கிருந்து அழுகல் அடிக்கு ஏறும்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேனே தவிர, 2014-இல் டொராண்டோவில் ஒரு கடையில் நாட்டுப் பூண்டளவில் இதை வாங்கி வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. நவம்பரில் இலைகள் மஞ்சளித்தன. தாகம் என்று நினைத்து ஊற்றினேன். மேலும் மஞ்சளித்தன, மேலும் ஊற்றினேன். அவ்வருடம் அது பிழைத்தது என் திறமையால் அன்று. தொட்டி மிகச் சிறியதாக இருந்ததால் அறையின் வெப்பத்தில் மண் சீக்கிரம் காய்ந்துவிட்டது, அவ்வளவே.

இந்த ஊரின் சிக்கல் குளிர் மட்டுமன்று. வீட்டுக்குள் கணப்பு எரிகிறது, செடி உறைந்துபோவதில்லை. இல்லாதது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரத்தைத் தொடுவதில்லை. அதிலும் பாதி நாள் மேகமூட்டம். வெப்பம் விழி என்கிறது, வெளிச்சம் உறங்கு என்கிறது. செடி இரண்டுக்கும் நடுவில் குழம்பி நிற்கும். வளர்ப்பவன் அதற்கு உதவி செய்ய நினைத்தால் ஒன்று விளக்கு வைத்துப் பகலை நீட்ட வேண்டும், அல்லது நீரை நிறுத்தி உறங்கவிட வேண்டும். நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். விளக்கு வாங்கச் சோம்பல் என்பதே உண்மைக் காரணம்.

மண்ணையும் மாற்றினேன். கடையில் மூட்டையாகக் கிடைக்கும் கறுத்த தொட்டிமண் ஒரு பங்கு, பெர்லைட்டும் பருமணலும் கலந்து இரண்டு பங்கு. ஊற்றிய நீர் அடித்துளை வழியே உடனே ஓடிவிட வேண்டும்; தொட்டிக்கடியில் தட்டு வைத்து நீரைத் தேங்கவிடக் கூடாது. கணப்பின் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வரும். இலைகளின் அடிப்புறத்தைக் குளியலறைக் குழாயில் கழுவிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாலைவனம் என்ற பெயரைக் கேட்டு எப்போதும் பட்டினி போடுகிறவர்களும் உண்டு. அதுவும் பிழை. கோடை வெயிலில் இலை நிறைந்து நிற்கும்போது அது நன்றாகவே குடிக்கும். தொட்டி மாற்றும்போதெல்லாம் ஒரு விரற்கடை உயர்த்தி நடுவேன். அப்படித்தான் மண்ணுக்குள் இருந்த வயிறு மெல்ல மெல்ல வெளியே வந்தது. 2017-இல் அது ஒரு செம்பளவு ஆகியிருந்தது.

அவ்வருடம் செப்டம்பரில் அப்பா எங்களோடு இருக்க வந்தார். அம்மா போய் ஆறு மாதமாகியிருந்தது.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். காவிரிப் படுகைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வேலையைச் சற்று விளக்க வேண்டும். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு என்று ஓரிடம். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் அங்கே பிரிகின்றன. அந்தப் பக்கத்து மதகுகளிலும் வாய்க்கால்களிலும் பலகையை ஏற்றி இறக்குவது, காலையும் மாலையும் நீரின் உயரத்தை அளந்து பதிவேட்டில் எழுதுவது, நீர் குறைந்த காலத்தில் இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவது, இவையே 32 ஆண்டுகள் அவர் செய்த பணி. முறைத்தண்ணீர்க் காலத்தில் எங்கள் வீட்டில் இரவுகள் அமைதியாக இருந்ததில்லை. கடைமடையிலிருந்து யாராவது வந்து வாசலில் நிற்பார். ஒரு சாண் பலகையைத் தூக்கினால் போதும் என்பார். அப்பா முடியாது என்பார். வந்தவர் போன பிறகு அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்ட இரவுகளை நான் கண்டிருக்கிறேன். அவர் அரசாங்க விதியைப் பிடித்துத் தொங்குகிறவர் என்று அக்காலத்தில் எனக்கு ஒரு ஏளனம் இருந்தது.

செடியை அவர் வந்த அன்றே பார்த்துவிட்டார். இலையைத் தடவி, "அரளி சாதி மாதிரி இருக்கே தம்பி, வீட்டுக்குள்ள வச்சிருக்கே?" என்றார். பால் நஞ்சுதான் என்று ஒப்புக்கொண்டேன். தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்காரர்கள் அம்புமுனையில் பூசும் நஞ்சுகளில் அடினியத்தின் சாறும் ஒன்று; அது விலங்கின் இதயத்தை நிறுத்துகிறது. இதையும் ஆர்வக்கோளாறில் சொல்லிவைத்தேன். நவம்பரில் இலைகள் விழத் தொடங்கின. "தண்ணி ஊத்துறதே இல்லையா?" என்றார். இது உறங்கும் காலம், மார்ச்சுக்குப் பிறகுதான் என்றேன். வழக்கமாக மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதைப் போல என்று விளக்கினேன். இந்த உவமை அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

2018 ஜனவரித் தொடக்கத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. மல்லாந்து படுக்க முடியவில்லை. கால்கள் வீங்கின. மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. இதயம் தளர்ந்துவிட்டது, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது என்றார்கள். பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எந்த நீரும் கூடாது என்றார்கள். எந்த நீரும் என்றால் காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து. எங்கள் எவர்சில்வர் தம்ளர் கால் லிட்டர் பிடிக்கும். ஆக, ஆறு தம்ளர்.

மாத்திரைகளில் ஒன்று டிகாக்சின். மருந்துக்கடையில் தந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1785-இல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் நெய்தச்செலவுக்கு மிஞ்சிய புகழோடு ஒரு நூல் எழுதினார். நரிக்கையுறை என்று ஆங்கிலேயர் அழைக்கும் பூச்செடியைக் கொண்டு உடல் வீக்கத்துக்கு மருத்துவம் செய்த கதை அது. டிகாக்சின் அந்தச் செடியின் இனத்திலிருந்து வருவது. வேதியியலில் அது அரளி, அடினியம் ஆகியவற்றின் நஞ்சோடு ஒரே வகுப்பைச் சேர்ந்தது. அளவாகக் கொடுத்தால் தளர்ந்த இதயம் அழுத்தமாகச் சுருங்கும். அளவு சற்று மிஞ்சினாலும் ஆபத்து. அப்பாவிடம் சொன்னேன். அவர் சாளரத்தைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப அதுவும் நானும் ஒரே மருந்துலதான் ஓடுறோம்" என்றார்.

நீர்க்கணக்கை அவரே எடுத்துக்கொண்டார். நாங்கள் கண்காணிக்கத் தேவை இருக்கவில்லை. என் மகளின் பள்ளிக் குறிப்பேடு ஒன்றை வாங்கிக் கோடு போட்டு, மதகுப் பதிவேட்டைப் போலவே நாள், நேரம், அளவு என்று எழுதினார். காலை 6 மணிக்கு எடை. காபி முக்கால். கஞ்சி ஒன்று. மருந்துக்கு அரை. எழுத்து அச்சடித்தது போல இருக்கும். சில வரிகளின் ஓரத்தில் "செ. கால்" என்று ஒரு குறிப்பு வரும். செவ்வாய்க்கிழமையைச் சுருக்கி எழுதியிருக்கிறார் என்று அசட்டையாக நினைத்தேன். தினமும் செவ்வாய்க்கிழமை வராது என்பதை ஒரு பொறியாளனின் மூளை கவனிக்கத் தவறியது.

மார்ச் முதல் சனிக்கிழமை சாளரத்தைத் துடைக்கும்போது ஒரு நாற்றம் வந்தது. ஊறிப் புளித்த தவிட்டின் நாற்றம். தொட்டியை இறக்கி அடியை அழுத்தினேன். ஒரு பக்கம் விரல் உள்ளே போயிற்று. அடினியம் தாகத்திலும் சற்று மெத்தென்று ஆகும். ஆனால் அது சுற்றிலும் ஒரே சீராகத் தளரும், விட்டால் மீளும். அழுகல் ஒரு பக்கமாக வரும், ஈரமாக இருக்கும், மீளாது. மண்ணைக் கிளறினேன். சேறு.

அப்பா நாற்காலியில் இருந்தார். நான் கேட்கும் முன்பே, "நான்தான் ஊத்துனேன்" என்றார். பிறகு குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். செ. என்பது செடி. ஆறு தம்ளரில் கால் தம்ளரை நாள்தோறும் அதற்குக் கொடுத்துவிட்டு, மீதியைத்தான் அவர் குடித்திருக்கிறார். நாற்பத்தொரு நாள். நாற்பத்தொரு கால் என்றால் பத்தேகால் தம்ளர். இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். இரண்டு நாளுக்கு அவருக்கு அனுமதிக்கப்பட்ட நீரில் பெரும்பகுதி. எல்லாம் எழுத்தில் இருந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டுவிட நினைத்தேன். ஆனால் அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டியதில்லை. "உங்களுக்குக் குடுக்கிற தண்ணி மிச்சமாகுதுன்னா சொல்லுங்க, டாக்டர்கிட்ட சொல்லி இன்னும் குறைச்சுடலாம்" என்றேன். நாக்கு வறண்டு, இரவில் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டு அதையும் கணக்கில் எழுதிய மனிதரிடம் சொன்னேன். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து வந்து, "எவ்வளவு தூரம் போயிருக்கு?" என்று கேட்டார். வாய்க்கால் கரை உடைந்த செய்தி வந்தால் கேட்கிற அதே குரல்.

தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். செடியைப் பிடுங்கி மண்ணைக் கழுவினேன். வேர்கள் பழுப்பாக, தொட்டால் தோல் உரியும்படி இருந்தன. கையுறை மாட்டிக்கொண்டு, கத்தியைச் சாராயத்தில் துடைத்து, மெத்தென்று இருந்த பகுதியை வெட்டினேன். உள்ளே உருளைக்கிழங்கு போல வெண்மை. அதில் பழுப்புக் கீற்றுகள். மூன்றிலொரு பங்கு போனதும் நிறுத்திவிட்டேன். நான்கு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த உருவம் அது, கை வரவில்லை. கீற்று மெலிந்துவிட்டது, இனிப் பரவாது என்றேன். அப்பா ஒப்பவில்லை.

"உடைப்பு அடைக்கும்போது, ஒடஞ்ச எடத்துல அப்படியே மண்ணக் கொட்டுனா நிக்காது தம்பி. தளர்ந்தது பூராத்தையும் வெட்டி எடுக்கணும். கெட்டி மண்ணு தட்டுப்படுற வரைக்கும் வெட்டணும். அப்பறந்தான் புதுமண்ணு" என்றார்.

வெட்டினேன். அவர் ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் குனிந்து பார்த்து, "இன்னும் இருக்கு" என்றார். கீற்றே இல்லாத வெண்மை வந்தபோது செடியில் பாதிதான் மிச்சம். ஒரு பக்கம் செங்குத்தாகச் சீவிய, பார்க்கச் சகிக்காத ஒரு முண்டம். வெட்டுவாயில் பட்டைத்தூளைத் தடவினேன். அடினியம் வளர்ப்பவர்கள் பலர் செய்வது. அப்போது அப்பா, யாரிடமோ சொல்வது போல, "முப்பத்திரண்டு வருஷம் வாசல்ல வந்து நின்னவனுக்கெல்லாம் இல்ல இல்லன்னே சொன்னேன். எனக்கு இப்ப அளவு வந்துட்டு. அதுக்காவது ஊத்துவோமேன்னு பாத்தேன்" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பட்டைத்தூள் போதுமா என்று கேட்டேன்.

மூன்று வாரம் அது குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் செய்தித்தாளில் கிடந்து காய்ந்தது. வெட்டுவாய் மரத்துத் தோல் கட்டியது. பிறகு வெறும் பெர்லைட்டும் மணலும் நிரப்பிய தொட்டியில், நீரே விடாமல், கல் அணைவு கொடுத்து நிறுத்தினேன். ஏப்ரல் முழுதும் அது சுருங்கிக்கொண்டே வந்தது. தன் சேமிப்பைத் தின்று வேர்விட முயல்கிறதா, சாகிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இழுத்துப் பார்க்கும் ஆசை வரும். இழுத்தால் விட்ட வேரும் அறுந்துவிடும். அப்பா ஒவ்வொரு காலையும் எடை பார்த்துவிட்டு நேரே அதன் முன் போய் நிற்பார். கையில் தம்ளர் இருக்காது.

மே இரண்டாம் வாரம் ஒரு கிளையின் நுனியில் கடுகளவு பச்சை தெரிந்தது. கரண்டியால் சிறிது நீர் விட்டேன். முழுத் தண்ணீர் எப்போது என்று அப்பா கேட்டார். இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்காது என்று உறுதியானதும் வெளிமாடத்தில் வைத்து ஊற்றலாம் என்றேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். எந்த நாளைச் சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜூன் 12 அன்று காலை அவரே ஊற்றினார். குழாயில் பிடித்த நீர். அவர் கணக்கில் சேராதது. அடித்துளை வழியாக ஓடி வரும்வரை ஊற்றிவிட்டு, "வடியுது" என்றார். குறிப்பேட்டில் அதை எழுதினாரா என்று பின்னர் தேடிப் பார்த்தேன். இல்லை. மார்ச்சுக்குப் பிறகு செ. என்ற எழுத்தே அதில் கிடையாது.

2019 பிப்ரவரியில் அப்பா இறந்தார். செடி அப்போது உறக்கத்தில் இருந்தது. அவ்வருடம் அது பூக்கவில்லை; அடுத்த வருடம் ஆகஸ்டில் மூன்று பூக்கள். சீவிய பக்கத்தில் இப்போதும் பருமன் வரவில்லை. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கலாம் என்று மனைவி சொல்வாள். வெளிச்சம் எல்லாப் பக்கமும் பட வேண்டும் என்பதால் வாரம் ஒருமுறை திருப்பிக்கொண்டே இருக்கிறேன். வாரத்தில் சில நாள் தழும்பு அறையைப் பார்த்து நிற்கும்.

இந்தக் குளிர்காலத்தில் நவம்பர் 20-ஆம் தேதியோடு நீரை நிறுத்தினேன். அதே குறிப்பேட்டில்தான் எழுதி வருகிறேன். பின்பக்கத் தாள்கள் நிறைய மிச்சமிருந்தன. கடைசி இலை போன வாரம் விழுந்தது. இன்று காலை சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது.